மணலும் களியும் உப்பும்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிச் செல்லும் பெருந்தெருவில் திருக்கோவில் வரை வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பினால் சில மைல் தூரத்திற்குள் சாகாமத்தை அடையலாம். குளமும் வயலும் காட்டோரமுமாக அமைந்த இச்சிறு கிராமத்தில் வாழும் ஒருவர் காலையில் கடற்கரை மணலிலும் மாலையில் வட்டை என்னும் வயல்வெளியின் களியிலும் வண்டியோட்ட நேரலாம் என்பதும், சுபாவத்தில் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட அவ்விரண்டு தரைகளையும் ஒரே வாகனம், அதுவும் பிறர் பல வருஷங்கள் ஓட்டிக் கைவிட்ட வாகனம், சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதுமே இக்கட்டுரைக்கு விஷயம்.

பழைய வாகனம் என்று நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும், வரியின் பாரத்தினால், புதிய ‘ஃபோர் வீல்’ ஒன்று வேளாண்மைக்காரருக்கும் கரைவலைத் தொழில் செய்வோருக்கும் எட்டாக் கனியாகவே இருக்கிறது. ஆகவே இப்பிரதேசத்தில் ஜீப்பையோ டபள் கெப்பையோ தேடிப் புறப்படுகிறவர் பெரும்பாலும் பழையதையே பார்க்கிறார்; பார்க்கும்போது எஞ்சினின் பலத்தை முதலில் கேட்கிறார், வண்டியின் நிறத்தை அடுத்து ரசிக்கிறார், அடிப்பாகத்தையோ கடைசிவரை பார்ப்பதேயில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதற்கான நியாயம் மண்ணின் பௌதிகத்திலும் உப்பின் இரசாயனத்திலும் இருக்கிறது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். மண்ணின் வலிமை இரண்டு மூலங்களிலிருந்து பிறக்கிறது என்பதைப் பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளரான கூலோம் 1773 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின்முன் படித்த கட்டுரையில் விளக்கினார். ஒன்று, துகளும் துகளும் உரசுவதால் வரும் எதிர்ப்பு. இது மேலே அழுத்தும் பாரத்திற்கு ஏற்பக் கூடும், பாரம் எடுபட்டால் தானும் இல்லாமற்போகும். மற்றது, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் வரும் ஒட்டு. இதற்கும் மேலுள்ள பாரத்திற்கும் சம்பந்தமில்லை. காய்ந்த கடல்மணலில் உரசல் மட்டுமே உண்டு, ஒட்டு கொஞ்சமும் கிடையாது. ஈரமான வயற்களியிலோ ஒட்டுத்தான் பிரதானம். உரசல் மிகச் சொற்பம்.

இவ்வொரு பேதத்திலிருந்து வாகனத் தேர்வின் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடுகின்றன. பெரும்போக மழைக்குப் பின் வட்டைப் பாதையில் மேற்பரப்பு மட்டும் குழைந்து, அடியில் இறுகிய படை ஒன்று எஞ்சியிருக்கும். ஒடுங்கிய டயரும் ஆழமான பல்லும் அந்தக் குழைவை வெட்டிக்கொண்டு போய் அடிப்படையைப் பற்றுகின்றன. இரண்டு சில்லு உழவு இயந்திரமான லேண்ட் மாஸ்டருக்குச் சேற்றுழவின்போது இரும்புச் சில்லு பூட்டுவதும் இதே நியாயத்தினால்தான். அதே சில்லைக் கடற்கரை மணலில் இறக்கினால், அடியில் பற்றுவதற்கு எந்த இறுகிய படையும் இல்லாமையால், அது கிணறு தோண்டும் வேலையைத்தான் செய்யும். மணலில் சில்லு புதையும் ஒவ்வோர் அங்குலமும் முன்னால் ஒரு மேட்டை உண்டாக்குகிறது. தான் உண்டாக்கிய மேட்டைத் தானே ஓயாது ஏறிக்கொண்டிருப்பதுதான் மணலில் ஓடும் வண்டியின் விதி. தார்த்தெருவில் சில்லின் ஓட்டத்திற்கு உண்டாகும் தடை வண்டியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவாக இருக்க, இளமணலில் அது ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டிவிடுகிறது. ஆதலால் மணலுக்குப் போகிறவர் முதலில் நாடவேண்டிய குணம் பாரக் குறைவு. குதிரைச் சக்தி அதற்குப் பின்னர்தான்.

பாரம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இரண்டு தொன் எடையுள்ள கெப் ஒன்றின் ஒவ்வொரு சில்லும் கிட்டத்தட்ட 1,100 இறாத்தல் சுமக்கிறது. டயருக்குள் சதுர அங்குலத்திற்கு 35 இறாத்தல் காற்று இருந்தால், அந்தச் சுமையைத் தாங்க ஏறக்குறைய 31 சதுர அங்குலம் தரையில் பட்டால் போதும். காற்றை 16 இறாத்தலுக்கு இறக்கினால் 69 சதுர அங்குலம் பட்டாக வேண்டும். டயரின் விறைப்பால் இக்கணக்குச் சிறிது பிசகினாலும், தரையில் படும் பரப்பு இரண்டு மடங்குக்குமேல் விரிகிறது என்பது நிச்சயம். அப்பரப்பு அகலத்தில் அதிகம் விரியாமல் நீளத்தில்தான் விரிகிறது. எனவேதான் மிக அகலமான டயரை விலைகொடுத்து மாட்டுவதைக் காட்டிலும், உயரமான சில்லும் மடிந்து கொடுக்கும் பக்கச்சுவருமுள்ள சாதாரண டயர் மணலுக்கு உத்தமமாக அமைகிறது. காற்றை இறக்கியபின் சடுதியாக வளைக்கக்கூடாது. வளைத்தால் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். தெருவுக்கு ஏறுமுன் மறுபடி காற்றடிக்கவும் தவறக்கூடாது. இறங்கிய டயர் தாரில் ஓடினால் சூடேறி வெடிக்கும். காற்றழுத்தமானி ஒன்றும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கும் செலவு, வண்டிக்கு அலங்காரமாகப் பூட்டும் விளக்குகளின் செலவில் ஒரு சிறு பகுதிதான்.

இந்த வித்தையை அனுபவத்தாலும் ஆராய்ச்சியாலும் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற ஆங்கில இராணுவப் பொறியியலாளர். 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அவர் லிபியப் பாலைவனத்தின் மணற்கடலைக் கடந்தது நான்கு சில்லும் இழுக்கும் விசேஷ வாகனங்களில் அன்று. பின்சில்லு மட்டும் இழுக்கும் சாதாரண ஃபோர்ட் கார்களில், டயரின் காற்றை இறக்கி, புதைந்த இடத்தில் உருக்குத் தகடுகளைச் சில்லுக்கடியில் செருகித்தான் கடந்தார். அத்தகடுகள் முதலாம் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்டவை. கெய்ரோவின் பழைய இரும்புக்கடை ஒன்றில் அவருக்குக் கிடைத்தன. அந்த அனுபவமே 1941 இல் வெளிவந்த ‘காற்றடித்த மணலின் பௌதிகம்’ பற்றிய அவருடைய நூலுக்கு அடிப்படையாயிற்று. பாரமும் பரப்பும் மண்ணும் ஆகிய மூன்றின் உறவைச் சமன்பாடுகளாக வகுத்த போலந்து தேசத்தவரான பெக்கர் என்பவரோ, 1971 இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் சந்திரனில் ஓட்டிய வாகனத்தின் கம்பிவலைச் சில்லுகள் உருவாவதில் பங்குகொண்டார்.

இனி ஈரமணல். கடற்கரையில் நீர் சற்றே வடிந்த இடத்தில் மணல் இறுகி நிற்பது, துகள்களுக்கிடையே எஞ்சிய மெல்லிய நீர்ப்படலம் பரப்பிழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதனால்தான். அப்படிப்பட்ட மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றிலும் ஒரு கணம் மணல் வெளுத்துக் காய்ந்ததுபோல் தோன்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெருங்கி அடுக்கப்பட்ட துகள்கள் அழுத்தப்படும்போது ஒன்றன்மேலொன்று ஏறி விலகவேண்டியிருப்பதால் இடைவெளி அதிகரிக்கிறது என்றும், அந்த இடைவெளிக்குள் மேல்நீர் உறிஞ்சப்படுகிறது என்றும், 1885 இல் பொறியியலாளரான ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார். ஆகவே கால் வைத்ததும் வெளுக்கும் மணல் நெருங்கி அடுக்கப்பட்ட மணல். அது வண்டியைத் தாங்கும். வெளுக்காமல் பளபளத்து நெகிழும் மணலில் இடைவெளி முழுவதும் நீர் நிரம்பியிருக்கிறது. அங்கே துகள்களைப் பிணைக்கும் படலமும் இல்லை, அலையின் ஒவ்வோர் அதிர்வும் துகள்களைத் தூக்கிப் பிரிக்கிறது. அவ்விடத்தில் நிறுத்தப்பட்ட வண்டி, எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த நடுக்கத்தினால் மெல்லமெல்ல இறங்கும். களப்பின் முகத்துவாரங்களிலே, பார்வைக்கு இறுகிய தரைபோல் தோன்றும் மணற்றிட்டுகள் இவ்வகையில் மிகவும் அபாயமானவை; இறங்கி நடந்து பார்க்காமல் வண்டியை விடவே கூடாது.

இவ்விடத்தில் வெளிநாட்டுப் புத்தகங்களின் ஆலோசனை நமக்குப் பொருந்தாத ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். வற்று நேரத்தில் இறங்கி, அகன்ற ஈரமணலில் ஓட்டுங்கள் என்று அவுஸ்திரேலியர் எழுதுகிறார்கள். அங்கே கடல் வற்றும்போது கரை பல பாகம் அகன்று வெளிப்படுகிறது. நம்முடைய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரும் இல்லை. திருக்கோவில், கோமாரிப் பக்கக் கரை செங்குத்தாகச் சரிவது. இறுகிய மணல் ஒரு வண்டியின் அகலத்திற்குக்கூடச் சில இடங்களில் தேறாது. வாடைக் காலத்துக் கடல் கரையை அறுத்துச் செல்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மணல் திரும்பிவந்து இளகிய மேடாகக் குவிகிறது. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதாங்கிகள் மணலின் ஓட்டத்தை மறித்தபின் துறைமுக வாயில் மணலால் அடைபட்டதும், அதற்கு வடக்கேயுள்ள கரை தென்னந்தோப்புகளோடு கடலுக்கு இரையானதும் இப்பிரதேசத்தார் கண்முன் நடந்தவை. போன வருஷம் வண்டியோடிய கரை இந்த வருஷம் இல்லாமலிருக்கலாம். ஆகையால் இங்கே ஓட்டவேண்டியது பெரும்பாலும் இளமணலில்தான் என்று வைத்துக்கொண்டே வாகனத்தைத் தெரிவுசெய்யவேண்டும்.

இளமணலுக்கு நான்கு சில்லும் இழுப்பது மாத்திரம் போதாது. ‘லோ’ கியர் அவசியம். கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பெட்டி எஞ்சினின் சுழற்சியை ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாக்கி, அதே அளவுக்கு முறுக்குவிசையைப் பெருக்கித் தருகிறது. அது இல்லாத வண்டி மணலில் கிளச்சைக் கருக்கிக்கொண்டுதான் முன்னேறும். உயரமாக நிற்பதாலேயே ஜீப் என்று அழைக்கப்படும் நவீன கார்கள் பலவற்றில் இந்தப் பெட்டி கிடையாது. விற்பவரின் வார்த்தையை நம்பாமல் உள்ளே இரண்டாவது நெம்புகோலோ அதற்குரிய சுவிச்சோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் அதை இயக்கிப் பார்க்கவேண்டும். பரீட்சையைத் தார்த்தெருவில் நடத்துவது தவறு. நடுவில் டிஃபரன்ஷல் இல்லாத பழைய வண்டிகளில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படுகின்றன. வளைவில் முன்சில்லுகள் நீண்ட பாதையில் ஓடவேண்டியிருக்க, வறண்ட தாரில் வழுக்கித் தப்பவும் வழியில்லாமல், தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி உடைகின்றன. பல வருஷமாக இயக்காமல் துருப்பிடித்து இறுகிப்போன நெம்புகோல்களையும், முன்சில்லின் பூட்டுக் குமிழ்கள் திரும்பாத வண்டிகளையும் சந்தையில் நிறையக் காணலாம். அவை நான்கு சில்லு வாகனத்தின் விலைக்கு விற்கப்படும் இரண்டு சில்லு வாகனங்கள்.

டிஃபரன்ஷலின் எண்ணெயையும் விட்டுவிடக்கூடாது. பக்கத்தில் உள்ள நிரப்பு ஆணியைக் கழற்றி ஒரு விரலை உள்ளே விட்டு எண்ணெயைத் தொட்டெடுத்தால், நல்ல எண்ணெய் தெளிவாக இருக்கும். பால் தேத்தண்ணீரின் நிறத்தில் இருந்தால் நீர் உள்ளே புகுந்திருக்கிறது. சூடேறிய டிஃபரன்ஷல் முகத்துவார நீரில் இறங்கிச் சடுதியாகக் குளிரும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால், சீல் வழியாக நீரை உறிஞ்சிவிடுகிறது. உப்பு நீர் கண்ட பேரிங்குகள் நெடுநாள் நிலைப்பதில்லை.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இக்கரையில் வாகனங்களைக் கொல்வது ஓட்டமன்று, உப்பு. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. கடற்காற்று அதை நுண்துளிகளாகத் தூக்கிவந்து இரும்பின்மேல் படிய வைக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாக மாறும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதிலும் பாதி ஈரப்பதமே போதுமானது. ஆகவே ஒரு துளி மழை பெய்யாவிட்டாலும், கடலோரத்தில் நிறுத்தப்பட்ட வண்டியின் அடிப்பாகம் இரவுதோறும் உப்புக்கரைசலில் நனைகிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, தகடும் தகடும் சேரும் இடங்களைப் பிளந்து, புதிய உப்புக்கு வழிதிறக்கிறது. செசியின் பெட்டிச் சட்டங்கள் உள்ளே வெறுமையானவை. மணலும் உப்பும் அங்கே போய்த் தங்கினால் வெளிப்பூச்சுப் பளபளக்க உள்ளிருந்தே அழிவு நடக்கும்.

அக்கரைப்பற்றுக் கராஜ் ஒன்றில் முதிய பாஸ் ஒருவர் இதை எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டினார். புதிதாகப் பெயின்ட் அடித்து மினுங்கிய கெப் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரிடம், “மகன், மேலால பாத்தது போதும், கீழால படுத்துப் பாருங்க” என்றார். இளைஞர் தயங்கி, “அடியெல்லாம் கறுப்பா நல்லாத்தானே கிடக்கு காக்கா?” என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் ஒரு சிறு சுத்தியலை எடுத்துச் செசியைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று ஒலித்துவந்த இரும்பு, பின் ஸ்பிரிங் தாங்கும் கொளுவிக்கு அருகில் சட்டென்று மந்தமாக ஒலித்தது. இன்னொரு தட்டில் கறுப்புப் பூச்சு உதிர்ந்து சுத்தியலின் முனை உள்ளே போயிற்று. வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் துருவின்மேல் அடிக்கப்பட்ட கறுப்புப் பூச்சைக் காட்டிலும் மோசமான அறிகுறி வேறில்லை. ஸ்பிரிங் கொளுவிகள், பிரேக் குழாய்கள், பொடி செசியோடு பொருந்தும் இடங்கள், பின் குறுக்குச்சட்டம் ஆகிய இவற்றையே தட்டியும் தடவியும் பார்க்கவேண்டும். ஒரு சிறு காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பில் வைத்துப் பார்த்தால், ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதிலாக டிங்கர் வேலையின் பூச்சுக்கட்டி இருக்கிறது என்பது விளங்கும்.

அலுமினியப் பொடியுள்ள லேண்ட் ரோவர் துருவுக்குத் தப்பியது என்று சிலர் நம்புகிறார்கள். 1948 இல் அவ்வாகனம் வெளிவந்தபோது, யுத்தத்திற்குப் பின் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் அதன் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள், செசி உருக்குத்தான். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை உப்புநீர் நனைத்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. மலையகத் தோட்டங்களில் அரை நூற்றாண்டு உழைத்த லேண்ட் ரோவர்கள் உண்டு. கடலோரத்தில் அதே ஆயுளை எதிர்பார்க்கக்கூடாது. இதிலிருந்து வாங்குபவருக்குப் பயன்படும் ஓர் உண்மை பிறக்கிறது: ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகளில் கண்டியிலோ பதுளையிலோ ஓடியது, கரையோரத்தில் ஓடியதைவிட, கிலோமீற்றர் கூடியிருந்தாலும் மேலானது.

எந்த வண்டி என்று கேட்பவருக்கு என் தீர்ப்பைச் சொல்கிறேன். தனியாகவோ இருவராகவோ கரைக்கும் களப்புக்கும் போகிறவருக்குச் சுசுகி ஜிம்னிக்கு நிகரானது இல்லை. ஒரு தொன்னைச் சுற்றியே இருக்கும் அதன் எடை, பெரிய எஞ்சின்கள் கொடுக்காத உதவியை மணலில் கொடுக்கிறது. புதைந்தாலும் நான்கு பேர் கைகொடுத்தால் வெளியே வந்துவிடும். நெல்மூட்டையும் உரமும் ஏற்றிக்கொண்டு சாகாமத்து வட்டைக்குப் போகவேண்டியவருக்கு டொயோட்டா ஹைலக்ஸ் அல்லது மிட்சுபிஷி எல்200 போன்ற பழைய டீசல் கெப், லோ கியருள்ளதாக, மின்னணுச் சாதனங்கள் குறைந்ததாக இருப்பது நல்லது. உப்புக்காற்று முதலில் கெடுப்பது உணர்கருவிகளையும் வயர் முனைகளையும்தான். பஜிரோவும் லேண்ட் குரூஸரும் வலிமையிலும் வசதியிலும் சிறந்தவை. ஆயினும் அவற்றின் எடை இரண்டு தொன்னை எட்டுவதும் மீறுவதுமாக இருப்பதால், இளமணலில் புதைந்தால் இன்னொரு பெரிய வாகனமோ கரைவலைக்காரரின் டிராக்டரோ வராமல் எழுவதில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடிப்பிடிக்க முடியாத அபூர்வ வண்டி, எவ்வளவு மலிவானாலும், வேண்டாம்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கவேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அது பதியப்பட்டிருக்கவேண்டும். லீசிங் கடன் தீர்ந்திருக்கவேண்டும்.

வாங்கியபின் செய்யவேண்டியது, மணலிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீரைச் செசியின் துவாரங்களுக்குள்ளும் பாய்ச்சிக் கழுவுவது. மறுநாள் வரை வைத்திருந்தால் ஒரு முழு இரவு உப்புக்குக் கொடுத்தவராவோம்.

கரையில் எங்கே ஓட்டக்கூடாது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் மணல்மேடு சில்லுகளுக்குரிய இடமன்று. அவற்றின் வேரும் தண்டும்தான் காற்றிலே பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக வளர்க்கின்றன. ஒரு தடவை சில்லு அறுத்த கொடியின் வழியாகக் காற்று மேட்டைக் கரைத்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த அம்பாறை மாவட்டத்துக் கரையில் வாழும் நமக்கு, கடலுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் ஒரு மணல்மேட்டின் பெறுமதியை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பாணமை, ஒகந்தைப் பக்கங்களில் ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. வண்டித் தடத்தின் பள்ளத்தில் விழுந்த ஆமைக்குஞ்சு கடலை அடையாமல் அங்கேயே அலைந்து, நண்டுக்கும் காகத்துக்கும் இரையாகிறது. ஆகவே இக்கரையில் வண்டியோட்டும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பகலில் மாத்திரம் ஓட்டுங்கள்; அடம்பன் கொடிக்குக் கடற்புறமாக, முன் சென்றவரின் தடத்திலேயே ஓட்டுங்கள்; ஆமை கரையேறும் இடங்களில் வண்டியை மணலுக்கு இறக்காமல் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.